அடுத்தவன் போட்ட தண்டவாளம்: வாண்டர்பில்ட்டை வச்சு "பங்கு"ன்னா என்னன்னு பார்ப்போம்

தமிழ்ல பங்குன்ற ஒரே வார்த்தைக்கு ரெண்டு வேலை. அப்பா சொத்துல வர்றதும் பங்கு, கம்பெனியில வாங்கி வைக்கிற ஷேரும் பங்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னுதான் நான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஷேர் மார்க்கெட்டை அடியில இருந்து புரிஞ்சுக்கலாம்னு உக்காந்தப்போ கார்னீலியஸ் வாண்டர்பில்ட்னு ஒரு அமெரிக்கக் கிழவரோட கதையில போய் மாட்டிக்கிட்டேன், ரெண்டு பங்கும் ஒரே விஷயம்தான்னு அந்த ஆள் தன்னோட வாழ்க்கையாலயும் கடைசியில உயிலாலயும் காட்டிட்டுப் போயிருக்கார்.

19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவோட ரயில் ராஜான்னு சொன்னா முதல்ல வர்ற பேர் இவரோடதுதான். ஆனா இவர் பிடிச்ச லைன் ஒண்ணுகூட இவர் போட்டது இல்ல, எல்லாம் வேற யாரோ கல்லு கொட்டி கட்டை பரப்பி தண்டவாளம் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்த கம்பெனிங்க. இவர் ஷேரை வாங்கினார், அவ்வளவுதான். ஷேர் வாங்கினா எப்படிங்க ராஜா ஆக முடியும்னு கேட்டா, அதுதான் இங்க புரிஞ்சுக்க வேண்டிய விஷயமே.

நாம ஷேர் வாங்கினா அதுல ரெண்டு உரிமை கூட வருது. ஒண்ணு லாபத்துல ஒரு துண்டு, அதாவது டிவிடெண்ட். இன்னொண்ணு ஓட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியை யார் நடத்துறதுன்னு தேர்தல் வைப்பாங்க, அதுல ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, ஷேருக்கு ஒரு ஓட்டு. நம்மள மாதிரி பத்து ஷேர் நூறு ஷேர் வச்சிருக்கறவங்களுக்கு அந்த ஓட்டு இருக்கறதே மறந்து போயிடும், டிவிடெண்ட் வந்துச்சான்னு மட்டும் பார்ப்போம். ஆனா ஒருத்தன் கையில மொத்தமா ஷேர் சேர்ந்துட்டா போர்டுல யார் உக்காரணும், டிக்கெட் என்ன விலை, எந்த லைனோட எந்த லைனை இணைக்கணும், எல்லாமே அவன் சொல்றதுதான். மொத்த கம்பெனியையும் வாங்கணும்னு அவசியம் இல்ல, தேர்தல்ல ஜெயிக்கற அளவுக்கு இருந்தா போதும். இதைத்தான் கண்ட்ரோல்னு சொல்றாங்க. வாண்டர்பில்ட் வாழ்நாள் முழுக்க வாங்கினது இந்தக் கண்ட்ரோலைத்தான்.

ஆளு பிறந்தது 1794, நியூயார்க் துறைமுகத்துக்கு எதிர்ல இருக்கற ஸ்டேட்டன் தீவுல. பூர்வீகம் நெதர்லாந்து, அங்க டி பில்ட்னு ஒரு ஊர், அந்த ஊர்க்காரங்கன்ற அர்த்தத்துல வந்த பேர்தான் வாண்டர்பில்ட். அப்பா கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் படகு, தீவுல இருந்து காய்கறி ஏத்திக்கிட்டுப் போய் மன்ஹாட்டன்ல விக்கறது. அம்மா ஃபீபிதான் வீட்டுல காசு விஷயத்துல கெட்டி. பையன் 11 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டான், கடைசி வரைக்கும் எழுத்துப்பிழை இல்லாம ஒரு கடிதம் எழுதத் தெரியாது. 16 வயசுல அம்மாகிட்ட 100 டாலர் கேட்டான். சும்மா தரமுடியாது, கல்லும் கரடுமா கிடக்கற அந்த 8 ஏக்கரை உழுது விதைச்சுக் குடுன்னு அம்மா சொன்னதாகவும், இவன் கூட்டாளிப் பசங்களை எல்லாம் படகுல ஏத்திட்டுப் போறேன்னு ஆசை காட்டி இழுத்துட்டு வந்து உழுது முடிச்சதாகவும் ஒரு குடும்பக் கதை உண்டு. அந்தக் காசுல ஒரு பாய்மரப் படகு வாங்கி தீவுக்கும் நியூயார்க்குக்கும் ஆள் ஏத்தி இறக்க ஆரம்பிச்சதுதான் தொடக்கம்.

1813-ல, 19 வயசுல கல்யாணம். பொண்ணு சொந்தத்துலயேதான், சோஃபியா ஜான்சன். இந்தம்மாவைப் பத்தி யாரும் அதிகமா பேசறது இல்லன்றது எனக்கு ஒரு வருத்தம். ஏன்னா 1817-ல இவர் சொந்தப் படகுத் தொழிலை விட்டுட்டு தாமஸ் கிப்பன்ஸ்னு ஒரு பணக்காரர்கிட்ட நீராவிப் படகு கேப்டனா சம்பளத்துக்குச் சேர்ந்தப்போ, நியூ ஜெர்சியில படகுத்துறை பக்கத்துலயே ஒரு சத்திரத்தை எடுத்து நடத்தினது சோஃபியாதான். படகுல இருந்து இறங்கற பயணிகளுக்குச் சாப்பாடு, படுக்கை, இடையில குழந்தைங்க பொறந்துக்கிட்டே இருக்கு, மொத்தம் 13 பிரசவம். அந்தச் சத்திரத்து வருமானத்துலதான் குடும்பம் ஓடுச்சு, அவரோட சம்பளம் முதலா சேர்ந்துச்சு.

கிப்பன்ஸ்கிட்ட இருந்தப்பதான் தொழிலோட முதல் பாடம். நியூயார்க் தண்ணியில நீராவிப் படகு விடற உரிமையை மாநில அரசு ஒரு கோஷ்டிக்கு ஏகபோகமா எழுதிக் குடுத்திருந்துச்சு. கிப்பன்ஸ் அதை மதிக்கல. வாண்டர்பில்ட் படகை ஓட்டறது, கைது பண்ண வர்ற ஆளுங்ககிட்ட ஒளிஞ்சு ஓடறது, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1824-ல ஏகபோகம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அமெரிக்கச் சட்டம் படிக்கறவங்க இன்னிக்கும் அந்தக் கேஸைப் படிக்காம தாண்ட முடியாது.

அதுக்கப்புறம் தனியா இறங்கி அவர் பண்ணின வேலை இருக்கே, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப. ஒரு ரூட்ல யாராவது நல்லா சம்பாதிக்கறாங்களா, அங்க தன்னோட படகைக் கொண்டு போய் விடுவார், பாதி டிக்கெட், அப்புறம் கால் டிக்கெட், சில நாள் ஓசி. எதிராளிக்கு மூச்சு முட்டும். கடைசியில அவங்களே வந்து, ஐயா சாமி, இந்தா காசு, எங்க ரூட்டை விட்டுப் போயிடுன்னு சொல்லுவாங்க. ஹட்சன் ஆத்துல 1834-ல இப்படித்தான் பெரிய தொகை வாங்கிட்டு விலகினார். பின்னாடி கலிஃபோர்னியா ரூட்லயும் இதே கதை, அங்க படகு விடாம இருக்கறதுக்கு மட்டும் மாசம் 40,000 டாலர், அப்புறம் அதை 56,000 ஆக்கினார். ஓட்டாத படகுக்குச் சம்பளம்! நல்லதா கெட்டதான்னு கேட்டா, போட்டி வந்தப்போ பயணிக்கு டிக்கெட் விலை நிஜமாவே குறைஞ்சுது, காசு வாங்கிட்டு இவர் போனதும் பழையபடி ஏறுச்சு. கமடோர்ன்ற பட்டப்பேரு இந்தப் படகுக் காலத்துல ஒட்டிக்கிட்டது, கடற்படையில தளபதி மாதிரி ஒரு பதவி அது. ரயிலுக்கு வந்த பிறகும் போகல.

ரயிலுக்கு வரவே இவருக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, வராம இருந்ததுக்கு நியாயமான காரணமும் இருந்துச்சு. 1833 நவம்பர் 8, நியூ ஜெர்சியில ஹைட்ஸ்டவுன் பக்கம் போய்க்கிட்டு இருந்த ரயில்ல அச்சு முறிஞ்சு பெட்டி தடம் புரண்டுச்சு. அமெரிக்காவுல பயணிங்க செத்த ஆரம்பகால ரயில் விபத்துகள்ல அது ஒண்ணு. வாண்டர்பில்ட்டுக்கு விலா எலும்பு உடைஞ்சு நுரையீரல்ல குத்திடுச்சு, மாசக்கணக்குல படுக்கை. அதே ரயில்ல முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸும் இருந்தார், அவருக்கு ஒண்ணும் ஆகல. பிற்காலத்து ரயில் ராஜாவோட ரயில் அனுபவம் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

நடுவுல தங்க வேட்டைக் காலம். 1849-ல கலிஃபோர்னியாவுக்கு ஜனங்க பறந்தப்போ, எல்லாரும் பனாமா வழியா போனா இவர் நிகராகுவா வழியா ஒரு குறுக்கு வழி பிடிச்சார். 1853-லயே சொத்து 1.1 கோடி டாலர், குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு நார்த் ஸ்டார்னு சொந்தக் கப்பல்ல ஐரோப்பா டூர். இந்தப் பகுதியே ஒரு தனிக் கதை, நமக்கு வேண்டியது ரயில்.

1863, வயசு 69 நெருங்குது. நியூயார்க் அண்ட் ஹார்லெம் ரயில்ரோடுன்னு ஒரு லைன், யாரும் மதிக்காத ஷேர். ஆனா அதுகிட்ட ஒரு விசேஷம், மன்ஹாட்டன் நடு ஊருக்குள்ள வர உரிமை இருந்த லைன் அது. இவர் சத்தமில்லாம ஷேரைச் சேர்த்தார், போர்டு கைக்கு வந்துச்சு. ஏப்ரல்ல பிராட்வே தெருவுல டிராம் விட ஹார்லெம் கம்பெனிக்கு நகர மன்றம் அனுமதி குடுத்துச்சு, ஷேர் விலை ஏறுச்சு. இப்பதான் கவுன்சிலருங்களுக்கு ஒரு ஐடியா வந்துச்சு.

அந்த ஐடியா புரியணும்னா ஷார்ட் செல்லிங்னா என்னன்னு தெரியணும். ஷேர்ல வேண்டாம், வெங்காயத்துல சொல்றேன். இன்னிக்கு வெங்காயம் மூட்டை 2000 ரூபா. அடுத்த மாசம் 1000-க்கு இறங்கும்னு எனக்கு உறுதியா தெரியும். எங்கிட்ட வெங்காயம் இல்ல. பக்கத்துக் கடைக்காரர்கிட்ட ஒரு மூட்டையைக் கைமாத்தா வாங்கி இன்னிக்கே 2000-க்கு வித்துடறேன். அடுத்த மாசம் விலை இறங்கினதும் 1000-க்கு ஒரு மூட்டை வாங்கி அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடறேன், 1000 ரூபா என் பையில. இதுல நான் திருப்பிக் குடுக்க வேண்டியது காசு இல்ல, வெங்காயம். இதை மட்டும் மறக்காம வச்சுக்கங்க, மொத்தக் கதையும் இதுலதான் இருக்கு. இப்ப விலை இறங்காம போனா? அதுவும் போகட்டும், சந்தையில இருக்கற வெங்காயம் மொத்தத்தையும் ஒரே ஆள் வாங்கிக் குடோன்ல பூட்டி வச்சுட்டா? கடைக்காரர் வெங்காயம் எங்கன்னு கேட்டா நான் அந்த ஒரு ஆள் வாசல்ல போய்தான் நிக்கணும், அவன் மூட்டை 10,000-ன்னு சொன்னாலும் குடுத்துத்தான் ஆகணும். இதுக்குப் பேர் கார்னர், அதாவது மூலையில தள்ளி நெரிக்கறது.

கவுன்சிலருங்க கணக்கு என்னன்னா, முதல்ல ஹார்லெம் ஷேரை ஷார்ட் பண்ணிடலாம், அப்புறம் நாம குடுத்த அனுமதியை நாமளே ரத்து பண்ணிடலாம், ஷேர் விழும், லாபம். ஜூன்ல ரத்து பண்ணினாங்க. ஆனா ஷேர் விழல, வாண்டர்பில்ட் வித்தவன் வித்தவன்கிட்ட எல்லாம் வாங்கிக்கிட்டே இருந்தார். திருப்பிக் குடுக்க ஷேர் தேடினப்போ சந்தையில ஷேரே இல்ல, எல்லாம் கிழவர் கையில. அவர் சொன்ன விலைக்கு வாங்கித் தொலைச்சாங்க.

சூடு கண்ட பூனைன்னு சொல்லுவாங்க, இவங்களுக்கு அந்த பூனைக்கு இருக்கற புத்திகூட இல்ல. அடுத்த வருஷம் 1864-ல மாநிலச் சட்டமன்றத்துல இருந்தவங்க அதே வேலையைப் பண்ணினாங்க, ஹார்லெமையும் ஹட்சன் ரிவர் லைனையும் ஒண்ணாக்கற மசோதா வந்தப்போ பாஸ் பண்றோம்னு சொல்லிட்டு ஷார்ட் பண்ணிட்டுத் தோக்கடிச்சாங்க. கூட டேனியல் ட்ரூன்னு ஒரு பழைய கூட்டாளியும் சேர்ந்துக்கிட்டார். இந்தத் தடவை ஒரு கேலிக்கூத்து நடந்துச்சு, இருக்கற ஷேரைவிட அதிகமான ஷேரை இவங்க வித்து வச்சிருந்தாங்க, அதாவது உலகத்துலயே இல்லாத ஷேரைத் திருப்பிக் குடுக்கறதா எழுதிக் குடுத்திருந்தாங்க. விலை 285 டாலர் வரைக்கும் போச்சு. தன்னோடது இல்லாததை வித்தவன் திருப்பி வாங்கித்தான் ஆகணும், இல்லன்னா ஜெயிலுக்குத்தான் போகணும்னு ட்ரூ பேர்ல வால் ஸ்ட்ரீட்ல ஒரு சொலவடையே உண்டு.

அப்புறம் ஹட்சன் ரிவர் லைனும் கைக்கு வந்துச்சு, நியூயார்க்ல இருந்து ஆத்தோரமாவே வடக்க ஆல்பனி எதிர்க்கரை வரைக்கும் சுமார் 230 கிலோமீட்டர். ஆல்பனியில இருந்து மேற்கே பஃபலோ போற லைன் வேற ஆளுங்களோடது, நியூயார்க் சென்ட்ரல், 1853-ல பத்து குட்டிக் கம்பெனியை ஒட்டிச் செஞ்சது. மேற்குல இருந்து வர்ற கோதுமை மாடு எல்லாம் அதுலதான் ஆல்பனிக்கு வரும். அங்கதான் பிரச்சனை. கோடையில சென்ட்ரல்காரங்க சரக்கைப் படகுல ஏத்தி ஆத்துவழியா அனுப்பிடுவாங்க, மலிவு. குளிர்காலத்துல ஆறு உறைஞ்சதும் ஓடி வந்து ஹட்சன் ரிவர் லைன்கிட்ட குடுப்பாங்க. வண்டியும் ஆளும் வருஷம் முழுக்க வச்சிருக்கணும், வேலை நாலு மாசம். படகுக்காரரான வாண்டர்பில்ட்டுக்கு இப்ப படகே எதிரி.

1867 ஜனவரி, ஆறு உறைஞ்சு கிடக்கு. கிழவர் ஒரு நோட்டீஸ் விட்டார், இனிமே சென்ட்ரல் லைனோட சரக்கும் பயணியும் டிக்கெட்டும் எங்க லைன்ல செல்லாது. நியூயார்க்ல இருந்து வந்த ரயில் ஆல்பனிக்குப் போற பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு. பயணிங்க இறங்கி பெட்டியைத் தூக்கிக்கிட்டு பனியில பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனாங்க. நியூயார்க் நகரத்துக்கும் மேற்குக்கும் நடுவுல அந்தப் பெரிய வழி அப்படியே அடைஞ்சு போச்சு, சரக்கு தேங்குது, சென்ட்ரல் ஷேர் சரியுது, சரியறப்போ வாங்கறது யாருன்னு நான் சொல்ல வேண்டியது இல்ல. கொஞ்ச நாள்லயே சென்ட்ரல்காரங்க இறங்கி வந்தாங்க. சட்டமன்றக் குழு கூப்பிட்டு ஏன் ரயிலை நிறுத்தினேன்னு கேட்டப்போ, அந்த நேரம் நான் வீட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தேன், ஆட்டத்துக்கு நடுவுல எதுக்கும் எழுந்திரிக்க மாட்டேன்னு சொன்னதா ஒரு பேச்சு. அந்த வருஷக் கடைசியில சென்ட்ரல் லைனுக்கு அவரே பிரசிடெண்ட்.

எனக்கு இந்தப் பாலம்தான் மொத்தக் கதையிலயும் முக்கியமான இடம். ரெண்டு லைன் ரெண்டு முதலாளிகிட்ட இருந்தா, மொத்த வழியும் சேர்ந்து சம்பாதிக்கறதை யாராவது ஒருத்தன் ஒரு பாலத்துல நின்னு தடுத்துட முடியும். துண்டு துண்டா இருக்கறப்போ ஒவ்வொரு துண்டுக்கும் இருக்கற மதிப்பைக் கூட்டினாலும், ஒண்ணா இருக்கறப்போ வர்ற மதிப்பு வராது. எங்க ஊர்ல ஒன்பது ஏக்கரை ஆறு பேருக்குப் பிரிச்சு, கிணறு ஒருத்தனுக்கு, வண்டிப்பாதை ஒருத்தனுக்குன்னு ஆகி, இன்னிக்கு வரைக்கும் பங்காளிங்க தண்ணிக்கும் வழிக்கும் அடிச்சுக்கற ஒரு நிலத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான், அதனால கிழவரோட மண்டையில என்ன ஓடிச்சுன்னு நல்லாவே புரியுது.

அவர் தோத்த இடமும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா பாதிக் கதைதான். எரீன்னு ஒரு போட்டி லைன், 1868-ல அதையும் பிடிக்கலாம்னு ஷேர் வாங்க ஆரம்பிச்சார். உள்ள இருந்தது மறுபடியும் ட்ரூ, கூட ஜே கூல்ட், ஜிம் ஃபிஸ்க்னு ரெண்டு இளவட்டம். இவங்க கார்னர்ல மாட்ட வேண்டியவங்கதான், ஆனா இவங்ககிட்ட கவுன்சிலருங்ககிட்ட இல்லாத ஒரு பொருள் இருந்துச்சு. கம்பெனியே அவங்க கையில இருக்கறதால புது ஷேரை அச்சடிக்க முடியும். பாண்டுன்னு, அதாவது கடன் பத்திரம்னு வெளியிடுவாங்க, அதை அப்படியே ஷேரா மாத்துவாங்க, சந்தையில விப்பாங்க, கிழவர் வாங்குவார், மறுநாள் இன்னும் அச்சடிப்பாங்க. வெங்காயத்தைக் குடோன்ல பூட்டறவன் கதவைப் பூட்டிக்கிட்டே இருக்கான், பின்பக்கம் ஒருத்தன் வெங்காயம் விளைவிச்சுக்கிட்டே இருந்தா எப்படி? ஒரு லட்சம் ஷேர் இப்படி இறங்குச்சு, 70 லட்சம் டாலர் கிட்ட அவரோட காசு கரைஞ்சுது. கோர்ட்ல கைது உத்தரவு வாங்கினார், அவங்க மூணு பேரும் கட்டுக்கட்டா பணத்தை அள்ளிக்கிட்டு ஆத்தைத் தாண்டி ஜெர்சி சிட்டியில ஒரு ஹோட்டல்ல போய் உக்காந்துக்கிட்டாங்க, அது வேற மாநிலம், நியூயார்க் போலீஸ் கை நீளாது. அப்புறம் கூல்ட் சட்டமன்றத்துக்குப் பணப்பெட்டியோட போய் அச்சடிச்சதைச் சட்டப்படி சரின்னு ஆக்கிட்டு வந்தார். கிழவருக்குக் கொஞ்சம் பணம் திருப்பிக் குடுத்து சமாதானம் ஆனாங்க. எரீ கிடைக்கல.

இப்படி சொத்து ஏறாம ஷேர் எண்ணிக்கையை மட்டும் ஏத்தறதுக்கு ஷேர்ல தண்ணி ஊத்தறதுன்னு பேர். நம்ம பால்காரர் கதைதான், ஆனா அங்க பால் இல்ல, மாடு. ட்ரூ சின்ன வயசுல மாட்டு வியாபாரி, சந்தைக்கு ஓட்டிக்கிட்டு வர்ற மாட்டுக்கு உப்பைத் தின்னக் குடுத்து, எடைக்கு முன்னாடி வயிறு முட்ட தண்ணி காட்டி கனமாக்கி விப்பாராம், அதுல இருந்து வந்த பேர்னு சொல்றாங்க. ஒரு விஷயம், நம்மாளும் யோக்கியர் இல்ல. அதே 1868 கடைசியில சென்ட்ரல் ஷேர்காரங்களுக்கு 80 சதவீதம் புது ஷேர் இலவசமா எழுதிக் குடுத்தார், அதாவது 100 ஷேர் வச்சிருந்தவனுக்கு இன்னும் 80. பேப்பர்காரங்க தண்ணின்னு கத்தினாங்க. அவர் பக்கத்து வாதம் என்னன்னா, லைன் முன்னைவிட நல்லா சம்பாதிக்குது, அந்த சம்பாத்தியத்துக்குத் தகுந்த ஷேர்தான் இது. அதுல உண்மையும் இருந்துச்சு, இவர் கைக்கு வந்த பிறகு செலவு குறைஞ்சுது, ரயில் நேரத்துக்கு ஓடுச்சு, டிவிடெண்ட் ஒழுங்கா வந்துச்சு. 1869-ல ஹட்சன் ரிவரும் சென்ட்ரலும் ஒரே கம்பெனி ஆச்சு. 1871-ல 42-ஆம் தெருவுல கிராண்ட் சென்ட்ரல் டிப்போ திறந்தாங்க, இன்னிக்கு இருக்கற கிராண்ட் சென்ட்ரல் அதே இடத்துல பின்னாடி கட்டினது.

சரி, வீட்டுக்கு வருவோம். வெளிய பிரிஞ்சதை எல்லாம் ஒட்டவச்ச ஆள் வீட்டுல எப்படின்னா, ரொம்ப மோசம். 1846-ல சோஃபியாவை சில மாசம் தனியார் மனநலக் காப்பகத்துல கொண்டு போய் விட்டார், ஸ்டேட்டன் தீவை விட்டு மன்ஹாட்டன் வீட்டுக்கு வர அந்தம்மா மறுத்ததும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்லுவாங்க. 13 பிள்ளைங்க பெத்து, சத்திரம் நடத்தி முதல் சேர்த்துக் குடுத்தவங்க. பையன்கள்ல ஒருத்தன் சின்ன வயசுலயே இறந்துட்டான். கடைசிப் பையன் ஜார்ஜ், ராணுவப் பயிற்சி முடிச்சவன், அப்பாவுக்கு அவன்மேலதான் உயிர், உடம்பு கெட்டு 1863 கடைசி நாள்ல ஃபிரான்ஸ்ல போய் சேர்ந்துட்டான். நடுவுல அப்பா பேரே வச்ச கார்னீலியஸ் ஜெரெமையா, வலிப்பு நோய், சூதாட்டம், ஊரெல்லாம் கடன், அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது, அவனையும் காப்பகத்துல போட்டிருக்கார்.

மிச்சம் இருந்தது மூத்த பையன் வில்லியம் ஹென்றி, வீட்டுல பில்லி. இவன் மக்குன்னு அப்பா முடிவு பண்ணி, ஸ்டேட்டன் தீவுல நியூ டார்ப்ன்ற இடத்துல ஒரு பண்ணையில தள்ளிட்டார், போ, உழுது பொழைச்சுக்கோன்னு. பில்லி வாயைத் திறக்காம பண்ணையைப் பெருக்கினான். எரு கதை ஒண்ணு ரொம்ப பிரபலம், நிஜமோ கட்டினதோ எனக்குப் பிடிச்ச கதை. அப்பாவோட குதிரை லாயத்துல இருந்து பண்ணைக்கு எரு வேணும், லோடு என்ன விலைன்னு கேட்டான். லோடு 4 டாலர்னு பேசினாங்க. மறுநாள் துறையில பார்த்தா ஒரு பெரிய தட்டைப் படகு நிறைய எரு, குறைஞ்சது முப்பது வண்டி இருக்கும். எத்தனை லோடுடா ஏத்தியிருக்கேன்னு அப்பா கேட்டார். ஒரு லோடுப்பா, ஒரு படகு ஒரு லோடுதானேன்னான் பில்லி. கிழவர் முதல் தடவையா பையனை உத்துப் பார்த்தது அன்னிக்குத்தான்னு சொல்லுவாங்க. அப்புறம் தீவுல தள்ளாடிக்கிட்டு இருந்த குட்டி ரயில் லைனை பில்லி தூக்கி நிறுத்தினான், அதுக்கப்புறம் அப்பாவோட ரயில் கம்பெனிகள்ல வைஸ் பிரசிடெண்ட். பொண்ணுங்களோட வீட்டுக்காரங்களும் தொழில்ல இருந்தாங்க, ஹொரேஸ் கிளார்க் மாதிரி மருமகன்கள் ரயில் போர்டுலயே உக்காந்தாங்க, ஆனா வாரிசு பில்லிதான்றதுல அப்புறம் மாத்தம் இல்ல.

சோஃபியா 1868-ல இறந்தாங்க. மறு வருஷமே கிழவர் கனடாவுக்குப் போய் ரெண்டாவது கல்யாணம், பொண்ணு பேரு ஃபிராங்க் கிராஃபர்ட், ஆமா, பொண்ணுதான், பேருதான் ஃபிராங்க். தூரத்துச் சொந்தம், அவரைவிட நாப்பது வயசுக்கு மேல சின்னவங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே சொத்துல உரிமை கேக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டார். அறக்காரியத்துக்கே போகாத மனுஷன் டென்னசியில நாஷ்வில்ல ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காசு குடுத்தது இந்தம்மாவோட சொந்தத்துல இருந்த ஒரு பிஷப் வந்து கேட்டதாலதான். 1873-ல முதல்ல 5 லட்சம் டாலர், மொத்தமா சுமார் 10 லட்சம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதுதான்.

1877 ஜனவரி 4, 82 வயசுல செத்தார். சொத்து சுமார் 10 கோடி டாலர், அமெரிக்கா அதுவரைக்கும் பார்க்காத தொகை. உயிரோட இருந்த பொண்ணுங்க எட்டு பேர், ஆளுக்கு சில லட்சம். கார்னீலியஸ் ஜெரெமையாவுக்கு 2 லட்சத்தை ஒரு டிரஸ்ட்ல போட்டு அதோட வட்டி மட்டும். ஃபிராங்க்குக்கு 5 லட்சமும் வீடும் கொஞ்சம் ஷேரும். மிச்சம், ஏறக்குறைய 95 சதவீதம், பில்லிக்கும் பில்லியோட பசங்களுக்கும்.

எல்லாரும் இதை ஆம்பளைப் பிள்ளை மோகம், ஓரவஞ்சனைன்னு எழுதுவாங்க, அதுவும் இல்லாம இல்ல. ஆனா ஷேர் கணக்குல பாருங்க. சென்ட்ரல் ஷேரை பத்து பேருக்குச் சமமா பிரிச்சிருந்தா, ஒவ்வொருத்தர் கையிலயும் பெரிய பணம் இருந்திருக்கும், ஒருத்தர் கையிலயும் கண்ட்ரோல் இருந்திருக்காது. ஒரு மருமகன் கூல்ட்கிட்ட வித்தா போதும், எரீயில ஆன கதை வீட்டுக்குள்ளயே ஆகியிருக்கும். மத்தவங்களோட பிரிஞ்ச ஷேரைச் சேர்த்துச் சேர்த்தே ராஜா ஆன மனுஷனுக்கு, பிரிச்சா என்ன ஆகும்னு அவரைவிட நல்லா யாருக்குத் தெரியும்?

பிள்ளைங்க ஒத்துக்கல. கார்னீலியஸ் ஜெரெமையாவும் ஒரு சகோதரியும் கேஸ் போட்டாங்க, அப்பா சுயநினைவோட உயில் எழுதல, ஆவிகளோட பேசறவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்தார், பில்லி மனசைக் கெடுத்துட்டான்னு. வீட்டு ரகசியம் அத்தனையும் பேப்பர்ல வந்துச்சு, நியூயார்க்கே ரெண்டு வருஷம் இதைப் படிச்சே பொழுது போக்குச்சு. 1879-ல பில்லி கூடக் கொஞ்சம் குடுத்து சமரசமா முடிச்சுட்டார். கார்னீலியஸ் ஜெரெமையா 1882-ல தற்கொலை பண்ணிக்கிட்டார், 51 வயசு.

பில்லி அப்பாவோட சொத்தை எட்டு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆக்கினார், சுமார் 20 கோடி. மக்கு! ஆனா ஷேரைச் சிதற விடாத அப்பாவோட வழியை மீறினதும் அவர்தான். ஒரே ஆள் கையில இவ்வளவு ரயிலான்னு ஜனங்க கோவம், சட்டமன்றத்துல வரி போடறேன்ற பேச்சு, இதுக்கெல்லாம் பயந்து 1879-லயே ஜே. பி. மார்கன்ற பேங்கர் மூலமா சென்ட்ரலோட 2,50,000 ஷேரை சத்தமில்லாம இங்கிலாந்துக்காரங்களுக்கு வித்துட்டார். 1885-ல அவர் இறந்தப்போ எட்டு பிள்ளைங்களுக்கும் தலைக்கு 1 கோடி, மிச்சத்துல பெரும்பகுதி மூத்தவங்க ரெண்டு பேருக்கு. அந்தக் காசுல எழும்பினதுதான் நியூபோர்ட்ல பிரேக்கர்ஸ் மாளிகை 70 ரூம், பில்லியோட கடைசிப் பையன் (இவன் பேரும் ஜார்ஜ்தான்) வட கரோலினாவுல கட்டின பில்ட்மோர் 250 ரூம். அதுல தண்டவாளம் எங்கயும் இல்ல. சென்ட்ரல் கம்பெனி 1968-ல பழைய போட்டிக்காரனான பென்சில்வேனியா ரயில்ரோடோட சேர்ந்து, ரெண்டே வருஷத்துல 1970-ல திவாலாச்சு.

குடும்பக் கல்லறை மண்டபம் ஸ்டேட்டன் தீவுல இருக்கு, பில்லி கட்டினது, கிழவரும் அங்கதான் இருக்கார். ஊரு நியூ டார்ப், பில்லி எருவைப் படகுல ஏத்திக் கொண்டு போன அதே ஊர்.